ஒரு பந்து, ஒரு ஃபைல்: இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணி வரை போக நினைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு

குமரி மாவட்டத்துத் திங்கள்சந்தை பஸ் நிறுத்தத்தில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், என் மகள் என்னைவிட வளர்ந்துவிட்டாள். கூடைப்பந்தில் சேர்த்தால் இந்தியாவுக்கு ஆடுவாளா?" நான் வாயைத் திறப்பதற்குள் கருங்கல் பஸ் வந்துவிட்டது, அவர் ஏறிவிட்டார். அவருக்குச் சொல்ல முடியாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். பஸ்ஸில் படிக்கும் அளவுக்குச் சிறியதாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். நான் இந்தியாவுக்கு ஆடியதில்லை. தமிழ்நாட்டுக்கு ஆடினேன். 1984இல் இந்திய அணித் தேர்வு முகாமுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. படித்துக்கொண்டிருந்த இடத்தின் முகவரியைத்தான் படிவத்தில் எழுதியிருந்தேன். அப்போது பொங்கல் விடுமுறை. கடிதம் அலுவலக மேசை இழுப்பறையில் பதினொரு நாள் கிடந்தது. பிரித்துப் படித்தபோது முகாம் தொடங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. அப்பா தந்தி அடித்துப் பார்த்தார், பதில் வரவில்லை. அதனால்தான் பந்தைப் பற்றிப் பேசும் அளவுக்குக் காகிதத்தைப் பற்றியும் பேசுகிறேன். படிக்கிறவர்கள் சலித்துக்கொள்ளக் கூடாது.

உயரம் முதலில். கோட்டயத்துக்காரரான கீத்து அன்னா ஜோஸ் ஆறடியைத் தாண்டியவர். கூடைக்குக் கீழே நின்று ஆடும் சென்டருக்கு அது பெரிய வரம். ஆனால் அணியில் 12 பேர். பந்தை மேலே கொண்டுபோகும் கார்டுகள் ஐந்தரை அடியைச் சுற்றி இருந்தாலும் போதும், கால் வேகமாக இருந்தால். பத்து வயதுப் பிள்ளையைப் பார்க்கும்போது நான் தலையைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பேன். பாண்டி ஆடும்போது ஒற்றைக்காலில் நின்று திரும்புகிறாளா, ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிற்க முடிகிறதா? இவை இருந்தால் மற்றவற்றைக் கற்றுக்கொடுத்துவிடலாம். உயரம் மட்டும் இருந்து கால் வராத பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

தொடங்க நல்ல வயது பத்திலிருந்து பன்னிரண்டு. வாலிபால் ஆடிவிட்டுப் பதினான்கு வயதில் வருகிறவர்களையும் தள்ளிவிடாதீர்கள். குதிக்கும் பழக்கத்தோடு வருகிறார்கள்.

பந்து வாங்கும்போது வால்வுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 7 என்றால் ஆண்களுக்கு. பெண்களுக்கு 6. பன்னிரண்டு வயதுக்குக் கீழே 5 போதும். கடைக்காரர் கையில் வருவது பெரும்பாலும் 7ஆம் எண்தான், கேட்டு வாங்க வேண்டும். பெரிய பந்தில் பழகும் சிறு பிள்ளை தோளிலிருந்து வீசக் கற்றுக்கொள்வாள். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்ற ஓர் ஆண்டு ஆகும். சிமென்ட் தரைக்கு ரப்பர் பந்து. விலை கூடிய தோல் பந்து வெளித்தரையில் சீக்கிரமே உரிந்துபோகும்.

வீட்டு முற்றத்தில் வளையம் கட்டலாம். வெல்டிங் பட்டறையில் 45 சென்டிமீட்டர் உள்விட்டத்தில் கம்பி வளையம் செய்யச் சொல்லுங்கள். பலகைக்குப் பழைய அயினிப் பலகை கிடைத்தால் நல்லது, மழைக்குத் தாங்கும். வளையத்தின் உயரம் தரையிலிருந்து 3.05 மீட்டர், அதாவது பத்தடி. பிள்ளை மிகச் சிறியவள் என்றால் முதலில் 2.6 மீட்டரில் வையுங்கள். சிறுவர் கூடைப்பந்தின் அளவு அதுதான். பலகையின் முகத்திலிருந்து 4.6 மீட்டர் அளந்து ஒரு கோடு போடுங்கள். அது ஃப்ரீ த்ரோ கோடு, யாரும் தடுக்காமல் நின்று எறியும் இடம். தென்னை மரத்தில் மட்டும் கட்ட வேண்டாம். பந்து மேலே போகும், தேங்காய் கீழே வரும்.

காலை ஐந்தரை மணி என்பது நம் ஊரில் பெண் பிள்ளைகளின் நேரம். வேறு வழியில்லை. மாலை நான்கரைக்கு மேல் எந்த மைதானமும் பையன்களுடையது, அது கோயில் மைதானமாக இருந்தாலும் பள்ளி மைதானமாக இருந்தாலும். சண்டை போட்டுப் பார்த்தேன், சில மாலைகள் கிடைத்தன. காலையில் சண்டையே தேவைப்படவில்லை.

இன்னொன்று மழை. சென்னைக்காரர்களுக்கு ஒரு மழைக்காலம், நமக்கு இரண்டு. ஆனி, ஆடியில் தென்மேற்குச் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. திறந்தவெளித் தரையில் பாசி பிடிக்கும். பாசித் தரையில் ஓட விட்டு ஒரு பிள்ளையின் கணுக்காலைக் கெடுத்துவிட்டு நான் கற்றுக்கொண்டது: முந்தைய நாளே பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்து விட வேண்டும். அது முடியாத நாளில் பள்ளி வராந்தாவே மைதானம். சுவரில் அடித்துப் பாஸ் பிடிப்பது, முழங்காலுக்குக் கீழே பந்தைத் தட்டியபடி நடப்பது, சுவரில் முதுகை ஒட்டி நாற்காலியில் உட்கார்வது போல ஒரு நிமிடம் இருப்பது. மழை நாள் கழியும், தொடை வலுவாகும்.

காற்றையும் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுகின்றன. அதே காற்று தோவாளைப் பக்கத்து மைதானங்களில் உங்கள் பந்தையும் திருப்பிவிடும். அங்கே பழகும் பிள்ளைகள் பலகையில் அடித்துக் கூடைக்குள் இறக்க நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் உள்ளரங்கத்துக்குப் போனதும் முதல் நாள் எல்லாமே தப்பும். போட்டிக்கு ஒரு நாள் முன்பே போய் அந்த அரங்கத்தில் நூறு பந்தாவது எறிந்து பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

இடது கை. இது நம் வளர்ப்பின் சிக்கல். "இடக்கையால் கொடுக்காதே" என்று பத்து ஆண்டு சொல்லி வளர்த்த பிள்ளையிடம் நான் போய் இடது கையால் லே-அப், அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஓடிப்போய்ப் பந்தை இடுவது, போடச் சொன்னால் எப்படிப் போடுவாள்? கை கூசுகிறது என்று ஒருத்தி சொன்னாள், உண்மையாகவே கூசியது. வீட்டில் முற்றம் கூட்டுவதும் வாளி தூக்குவதும் மூன்று மாதம் இடது கையால் செய்யச் சொன்னேன். பாட்டிக்குப் பிடிக்கவில்லை. மகளுக்குக் கை வந்தது. மாநிலத் தேர்வில் பயிற்சியாளர்கள் முதல் பத்து நிமிடத்திலேயே பார்ப்பது இதைத்தான். வலப்பக்கம் மட்டுமே போகிறவளை எந்தத் தடுப்பாட்டக்காரியும் மூடிவிடுவாள்.

எறியும்போது முழங்கை கூடையைப் பார்க்க வேண்டும், பந்து விரல் நுனியை விட்டுப் போனபின் மணிக்கட்டு வாழைப்பூ மடல் போல முன்னே கவிழ்ந்து இருக்க வேண்டும். இதற்கு மேல் எழுத்தில் சொல்லித்தர முடியாது. ஆனால் நோட்டுப் புத்தகம் போடச் சொல்லித்தர முடியும். நாளுக்கு 50 ஃப்ரீ த்ரோ, தேதி, எத்தனை விழுந்தது. வேறொன்றும் எழுத வேண்டாம். தொடக்கத்தில் 15 விழும். மாநில அணிக்குப் போகும்போது 35 விழ வேண்டும் என்பது என் கணக்கு. பொய் எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. 40, 40, 40 என்று வரிசையாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவேன்.

குதித்து இறங்குவது பற்றிக் கொஞ்சம் நின்று பேசுகிறேன். பெண்கள் கூடைப்பந்தில் அதிகமான பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியது தோல்வி அல்ல, முழங்கால். முழங்காலுக்குள் குறுக்காக இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் அறுந்துபோவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடிப்பதே இல்லை. குதித்து இறங்கும்போதோ ஓடி நின்று திரும்பும்போதோ முழங்கால் உட்பக்கமாக மடிகிறது, 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அறுவை சிகிச்சை செய்தால் திரும்பி வர முக்கால் ஆண்டாவது ஆகும். பதினாறு வயதில் அந்த முக்கால் ஆண்டு எவ்வளவு பெரியது என்று பிறகு சொல்கிறேன்.

தடுக்க வழி உண்டு. வாரத்தில் மூன்று நாள், பயிற்சிக்கு முன் பதினைந்து நிமிடம். பள்ளிப் படிக்கட்டின் முதல் படியிலிருந்து இரண்டு காலில் குதிக்க வேண்டும். முழங்கால் இரண்டும் கால்விரலுக்கு நேராக இருக்க வேண்டும், ஒன்றையொன்று முத்தமிடக் கூடாது. இடுப்பு பின்னால் போக வேண்டும். இறங்கும்போது சத்தம் கேட்கக் கூடாது. பூனை மதிலிலிருந்து குதித்தது போல. நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். சத்தம் கேட்டால் அந்தப் பிள்ளை மறுபடி. பிறகு ஒற்றைக்காலில். தொடையின் பின்பக்கத் தசைக்கும் இடுப்புக்கும் தனிப் பயிற்சி. இது அலுப்பான வேலை. அலுக்காமல் செய்தவர்களின் முழங்கால் இன்னும் இருக்கிறது.

கணுக்கால் பிசகினால் நம் மாவட்டத்தில் முதலில் போவது வர்ம ஆசானிடம். அந்த வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு; என் தாத்தாவே எண்ணெய் காய்ச்சியவர். ஆனாலும் சொல்கிறேன்: வீங்கிய அன்றே எண்ணெய் விட்டு இழுத்துத் தடவக் கூடாது. முதல் இரண்டு நாள் ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது, ஓய்வு. காலை ஊன்றவே முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. முழங்காலில் சத்தம் கேட்டு வீங்கியது என்றால் ஸ்கேன் பார்க்காமல் யாரும் தொடக் கூடாது, ஆசானாக இருந்தாலும் நானாக இருந்தாலும்.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். பவுடர் டப்பா விற்கிறவர்களை வாசலோடு அனுப்புங்கள். சாளை மீன், முட்டை, பயறுங்கஞ்சி, மரச்சீனிக் கிழங்கு, ஏத்தன் பழம். இதையெல்லாம் வைத்துக்கொண்டு புரதத்துக்கு எங்கே போவது என்று கேட்பது வேடிக்கை. போட்டிக்கு இரண்டரை மணி நேரம் முன்பு புட்டும் பழமும், அரை மணி முன்பு ஒரு பழம். இரும்புச்சத்து மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். மாதவிடாய் தொடங்கிய பிள்ளை ஓடும்போது சீக்கிரம் மூச்சு வாங்கினால் சோம்பல் என்று திட்டாமல் ரத்தத்தைப் பரிசோதியுங்கள். முருங்கைக்கீரை சாப்பிட்ட கையோடு கட்டன்சாயா (பால் இல்லாத டீ) குடித்தால் பாதிப் பயன் போய்விடும்; ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். மூன்று மாதமாக மாதவிடாயே வரவில்லை என்றால் அது பயிற்சி நன்றாக நடக்கிறது என்பதன் அடையாளம் அல்ல. டாக்டரிடம் போக வேண்டும்.

இரண்டு வழிகள்

பெற்றோர்கள் குழம்பும் இடம் இது. பள்ளி வழி ஒன்று, சங்க வழி ஒன்று.

பள்ளி வழியில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம், பிறகு தேசியப் பள்ளி விளையாட்டு. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள். முதலமைச்சர் கோப்பைப் போட்டியும் இதோடு உண்டு. சங்க வழியில் மாவட்டக் கூடைப்பந்துச் சங்கம், தமிழ்நாடு சங்கம், இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் நடத்தும் தேசியப் போட்டிகள். அதில் 16, 18 வயதுப் பிரிவுகள், பிறகு சீனியர். பள்ளி வழி சான்றிதழ் தரும், கல்லூரி இடம் தரும். இந்திய அணி முகாமுக்கு ஆள் எடுப்பது சங்க வழியில் இருந்து. பள்ளி அணியில் தங்கம் வாங்கிவிட்டு "ஏன் இந்தியா கூப்பிடவில்லை" என்று காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். சங்கத்தில் பிள்ளையின் பெயரே பதிவாகியிருக்கவில்லை. இரண்டு வழியிலும் நடங்கள். தேதி மோதினால், 15 வயதுக்கு மேல், சங்கத் தேர்வுக்கு முதலிடம் கொடுங்கள் என்பது என் கருத்து. பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டு இதைச் சொன்னதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

சர்வதேசச் சம்மேளனமான ஃபிபா, ஆசியாவில் 16 வயது, 18 வயதுப் பிரிவுகளில் பெண்களுக்குத் தனிக் கோப்பைகள் நடத்துகிறது. அந்த இந்திய அணிகளில் ஆடியவர்களைத்தான் சீனியர் முகாமுக்கு அழைப்பார்கள், பெரும்பாலும். ஆகவே கதவு 15 வயதில் ஒரு முறை, 17 வயதில் ஒரு முறை திறக்கிறது. நம் வீடுகளில் அதே வயதில்தான் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும். "இந்த ஒரு வருடம் மட்டும் நிறுத்திவைப்போம் டீச்சர்." எத்தனை முறை கேட்டிருப்பேன்! முழு ஆண்டும் நிறுத்த வேண்டாம். காலை ஒரு மணி நேரம் விடுங்கள். பொதுத்தேர்வுக்கு முந்தைய ஆறு வாரம் மட்டும் நிறுத்துங்கள். முழுதாக நிறுத்தித் திரும்பி வந்தவர்களில் மாநில அணிக்குப் போனவள் என் கையில் ஒருத்திகூட இல்லை.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் நல்ல வழி. 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்க்கிறார்கள். கோடை விடுமுறையை ஒட்டித் தேர்வு நடக்கும். நாகர்கோவில் அண்ணா விளையாட்டு அரங்கத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் மார்ச் மாதமே கேட்டு வையுங்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சியாளர் எல்லாம் உண்டு. முட்டம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியை அப்படி அனுப்பினேன். அம்மா தலைச்சுமையாக மீன் விற்பவர். முதல் நாற்பது நாளும் ராத்திரி போனில் அழுகை. "கூட்டிக்கொண்டு வந்துவிடட்டுமா டீச்சர்?" என்று அம்மா என் வாசலில் வந்து நின்றார். "கிறிஸ்துமஸ் வரை பொறுங்கள் அக்கா" என்றேன். கிறிஸ்துமஸுக்கு வந்தவள் மூன்றாம் நாளே, "நான் எப்போது போக வேண்டும்?" என்று கேட்டாளாம். இப்போது ரயில்வேயில் இருக்கிறாள்.

இன்னொரு சபலமும் நமக்கு உண்டு. சென்னை ஒரு முழு ராத்திரி ரயில். திருவனந்தபுரம் இரண்டு மணி நேரம். மலையாளமும் பாதி வரும். அங்கே பெண்கள் கூடைப்பந்து ஆழமாக வேரூன்றியிருக்கிறது, பயிற்சி முகாம்களுக்குப் போய் வருவது நல்லதுதான். ஆனால் பதிவு எந்த மாநிலத்தில் என்பதை ஒரே முறை யோசித்து முடிவு செய்யுங்கள். இங்கேயும் அங்கேயும் பெயர் கொடுத்தால் இரண்டு பக்கமும் தடை வரும்.

ஃபைல்

வடசேரியில் எந்தக் கடையிலும் கிடைக்கும் பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே போக வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், பெயரோடு. பலருக்கு "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். முதலில் பெயரைச் சேருங்கள். தாமதமாகப் பதிவு செய்த சான்றிதழ் என்றால் வயது பற்றிக் கேள்வி எழும், அதற்கான பள்ளிப் பதிவுகளையும் வைத்திருங்கள். ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கோவை. நமக்கு இனிஷியல் இரண்டு, ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று. ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொன்று. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராகும். அதைப் பார்த்து மற்றவற்றைத் திருத்துங்கள்.

பாஸ்போர்ட்டை மாநில அணியில் இடம் கிடைத்த மாதமே எடுத்துவிடுங்கள். இந்திய பாஸ்போர்ட் இல்லாமல் இந்தியாவுக்கு ஆட முடியாது. சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து ஆண்டு அல்லது 18 வயது வரை, எது முந்தியோ அது வரை செல்லும். பதினெட்டு முடியும்போது புதுப்பிக்க மறந்த பிள்ளைகள் உண்டு.

சான்றிதழ்களில் படிவம் 1 என்பது இந்தியாவுக்காக ஆடியதற்கு. படிவம் 2 மாநிலத்துக்காக, படிவம் 3 பல்கலைக்கழகத்துக்காக, படிவம் 4 தேசியப் பள்ளிப் போட்டிக்காக. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பது பளபளப்பான கோப்பையை அல்ல, இந்தப் படிவத்தை. போட்டி முடிந்த மாதத்திலேயே கையெழுத்து வாங்குங்கள். மூன்று ஆண்டு கழித்துப் போனால் கையெழுத்துப் போட வேண்டியவர் மாறியிருப்பார். எதையும் லேமினேட் செய்யாதீர்கள்.

முகவரி, தொலைபேசி எண் கேட்கும் இடத்தில் இரண்டு எண்கள் எழுதுங்கள். ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கிறவருடையது. மின்னஞ்சல் கொடுத்தால் அதைத் திங்கட்கிழமை தோறும் யாராவது திறந்து பார்க்க வேண்டும். என் கடிதம் இழுப்பறையில் கிடந்தது. இந்தக் காலத்துக் கடிதங்கள் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கின்றன.

முகாமும் வேலையும்

முகாமுக்கு வரும் ஒவ்வொருத்தியும் தன் மாநிலத்தில் அதிகப் புள்ளி எடுத்தவள். அப்படிப்பட்டவர்களைக் கூட்டி 12 பேராகக் குறைக்கும்போது யார் மிஞ்சுகிறார்கள்? என் மாணவிகளும் பழைய தோழிகளும் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்: புள்ளி எடுக்காத நேரத்திலும் பயன்படுகிறவள். பந்து கை மாறியதும் முதலில் திரும்பி ஓடுகிறவள். ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு, எதிராளியை முதுகால் தள்ளி அடைக்கிறவள். தடுப்பாட்டத்தில் வாய் ஓயாமல் "ஹெல்ப்", "ஸ்விட்ச்" என்று கூவுகிறவள். நம் பிள்ளைகள் மைதானத்தில் வாயைத் திறப்பதில்லை, பெண் பிள்ளை சத்தம் போடக் கூடாது என்று பழக்கியிருக்கிறோம். நான் வாயைத் திறக்காத அணியைப் பத்துச் சுற்று ஓட விடுவேன். கொஞ்சம் இந்தியும் பழகட்டும். அறையில் கூட இருப்பவளோடு பேச இருபது சொல் போதும். முகாமில் கேரளப் பிள்ளைகள் இருப்பார்கள், அந்த விதத்தில் குமரி மாவட்டத்துக்காரிக்குத் தனிமை குறைவு.

இருமலுக்கு மருந்து குடிக்கும் முன் யோசிக்க வேண்டிய வாழ்க்கை அது. ஊக்கமருந்துச் சோதனை எப்போது வேண்டுமானாலும் வரும். நம் கடைகளில் விற்கும் சில இருமல் மருந்துகளில் டெர்பியூட்டலின் இருக்கிறது. அது தடைப் பட்டியலில் உள்ளது. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விழுங்க வேண்டும். லேகியத்துக்கு அந்தச் செயலியில் பதில் இருக்காது. அதனால் லேகியம் வேண்டாம்.

இந்திய அணி மாதச் சம்பளம் தரும் வேலை அல்ல. இதைத் தெரிந்துகொள்ளாமல் வருகிற குடும்பங்கள்தான் அதிகம் ஏமாறுகின்றன. நீண்ட நாள் ஆடியவர்கள் எல்லாரையும் பாருங்கள், பின்னால் ஒரு வேலை இருக்கும். கீத்து அன்னா ஜோஸ் தெற்கு ரயில்வே. அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வே. கேரளத்தில் மின்வாரியத்துக்கே பெண்கள் அணி உண்டு. வேலை சம்பளம் தருகிறது, பயிற்சிக்கு நேரம் தருகிறது, முகாமுக்கு விடுப்புத் தருகிறது. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 18 முதல் 25 வயது வரைதான். தமிழ்நாடு அரசு வேலைகளில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பட்டப்படிப்பை விடாதீர்கள், விளையாட்டு உள்ளே கொண்டுபோகும், பதவி உயர்வுக்குப் படிப்பைக் கேட்பார்கள்.

2017 ஜூலையில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏறிப் பெங்களூரு போனேன். ஆசியக் கோப்பையின் கீழ்ப் பிரிவான 'பி' பிரிவு. இறுதியில் இந்தியாவும் கஜகஸ்தானும். 75–73. கடைசி நிமிடத்தில் நான் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு கன்னடக்காரம்மாவின் கையைக் கசக்கிவிட்டேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அணியில் அனிதா பால்துரை இருந்தார். சென்னைப் பெண். 19 வயதில் அணித் தலைவி ஆனவர், 18 ஆண்டு இந்தியாவுக்கு ஆடியவர். குழந்தை பெற்றபின் திரும்பி வந்து ஆடிய போட்டி அது. 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த வெற்றியால் மேல் பிரிவுக்கு ஏறிய இந்தியா, 2019இல் அதே பெங்களூருவில் ஜப்பான், சீனா, ஆஸ்திரேலியா எல்லாம் இருந்த போட்டியில் கடைசி இடத்தில் முடித்தது. அதையும் தெரிந்துகொண்டுதான் ஆசைப்பட வேண்டும். ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து 1976இல் வந்தது. நம் பெண்கள் அணி இன்னும் அங்கே போனதில்லை.

பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதைப் பேசுங்கள்: முகாம் வந்தால் ஒன்றிரண்டு மாதம் வீட்டில் இருக்க மாட்டாள், குழந்தை பிறந்தபின் மறுபடி ஆடுவாள், அப்போது குழந்தையை யார் பார்ப்பது? மூன்றாவது கேள்விக்குப் பெயரோடு பதில் வேண்டும். "பார்த்துக்கொள்ளலாம்" என்றால் யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று பொருள்.

மூன்றுக்கு மூன்று ஆட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். அரை மைதானம், ஒரே வளையம், மாற்றாளோடு சேர்த்து நான்கு பேர். பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி. எறிய 12 விநாடிதான். டோக்கியோவிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. பத்துப் பேர் சேராத நம் கிராமங்களுக்கு இது வசதி. அதற்கான பந்து 6ஆம் எண் அளவில் 7ஆம் எண்ணின் எடையோடு வரும், கையில் பிடித்தால் வித்தியாசம் தெரியும்.

ஆடும் காலம் முடிந்தபின் பாட்டியாலாவில் இருக்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் படிப்பு, நடுவர் உரிமம், என்னைப் போல உடற்கல்வி ஆசிரியை வேலை. நடுவர் வேலைக்கு நம் மாவட்டத்தில் பெண்களே இல்லாத நாட்களில் நானே விசில் ஊதியிருக்கிறேன், பையன்கள் ஆட்டத்துக்கும்.

அந்த அம்மா இதைப் படித்தால்: சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கேட் சாவி காவலாளியிடம் இருக்கிறது. பந்து அவளுடையதாக இருக்கட்டும், 6ஆம் எண். பிறப்புச் சான்றிதழின் நகலும் வேண்டும். ராத்திரி மழை பெய்திருந்தால் வீட்டிலிருந்து ஓர் ஈர்க்கு வாரியலும் எடுத்து வரச் சொல்லுங்கள்.